மாடிப்படி அளவுகள்: இறங்கும் காலுக்கு ஏற்ற படி கட்ட முழுமையான வழிகாட்டி

நான் வளர்ந்த வீட்டில் மாடிப்படியின் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை உயரம். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அந்த இடம் வந்ததும் கால் தானாகக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிக்கொள்ளும். புதிதாக வருபவர்கள்தான் அங்கே தடுக்கினார்கள். ஒருநாள் பாட்டி மேலிருந்து இறங்கக் காலை எடுத்து வைத்தபோது, எதிர்பார்த்த இடத்தில் படி இல்லை. விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பல வருடங்கள் கழித்து, கட்டட வேலையைக் கிட்ட இருந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் படி ஏன் அப்படி வந்தது என்று புரிந்தது. மாடியில் தரை போட்டபோது கூடிய கனத்தைப் படிக்கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

படிக்கட்டு என்றதும் நாம் ஏறுவதைத்தான் நினைக்கிறோம். மூச்சு வாங்குமா, முட்டி வலிக்குமா என்று யோசிக்கிறோம். ஏறும்போது உடல் முன்னே சாய்ந்திருக்கும். தடுக்கினால் கையை மேல் படியில் ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது முழு எடையையும் ஒரு காலில் தாங்கிக்கொண்டு, மறு காலைச் சரியாகப் பார்க்காத ஓர் இடத்தை நோக்கி விடுகிறோம். தவறினால் விழுவது பள்ளத்தை நோக்கி. ஆகவே இங்கே வரும் ஒவ்வோர் அளவையும் இறங்குகிறவரின் காலை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள். அந்தக் கால் வீட்டிலேயே வயதானவருடையதாகவோ, கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்க்க முடியாத ஒருவருடையதாகவோ இருக்கட்டும்.

முதலில் படிக்கட்டு, அப்புறம் அறைகள்

பெரும்பாலான வீட்டு வரைபடங்களில் கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் வரைந்து முடித்த பிறகு மிஞ்சிய மூலையில் படிக்கட்டு வந்து உட்கார்கிறது. செங்குத்தான படிகள் பிறப்பது இங்கேதான். படிக்கட்டின் நீளத்தை முடிவு செய்வது மாடியின் உயரம். அந்த உயரத்தை வசதியாகக் கடக்க இவ்வளவு நீளம் வேண்டும் என்ற கணக்கு மாறாது. இடத்தைக் குறைத்தால் கால் வைக்கும் மிதி குறுகும், அல்லது படி உயரும். வேறு வழியே கிடையாது.

ஆகவே வரைபடம் தொடங்கும் நாளிலேயே, இரண்டு ஓட்டமாக (இடையில் தளமின்றித் தொடரும் படிவரிசைதான் ஓர் ஓட்டம்) திரும்பி ஏறும் படிக்கட்டுக்குச் சுமார் 2 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு செவ்வகத்தை ஒதுக்கிவிடுங்கள். இந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கீழே கணக்கில் காட்டுகிறேன். நேராக ஒரே ஓட்டமாக ஏறும் படிக்கு அகலம் பாதி போதும். நீளம் 5 மீட்டரைத் தாண்டும், கீழும் மேலும் நிற்க இடம் தனி. எனக்குத் திரும்பி ஏறும் படிதான் பிடிக்கும். நடுவில் லேண்டிங் என்னும் திரும்பும் தளம் இருப்பதால் மூச்சு வாங்க ஓர் இடம் கிடைக்கிறது. விழுந்தாலும் முழு உயரத்துக்கும் உருள மாட்டார்கள்.

உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது

கீழ்த்தளத்தின் முடிந்த தரையிலிருந்து மேல்தளத்தின் முடிந்த தரை வரை அளக்க வேண்டும். முடிந்த தரை என்றால் டைல்ஸோ கிரானைட்டோ மரமோ போட்டு முடித்த பிறகு கால் படும் மட்டம். கான்கிரீட்டிலிருந்து கான்கிரீட் வரை அளந்த உயரமும், அறையின் கூரை உயரமும் இந்தக் கணக்குக்கு உதவாது.

கூரை உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஸ்லாபின், அதாவது கான்கிரீட் தளத்தின் கனம், அதன் மேல் தரைக்கு அடியில் போடும் கலவைப் படுகையும் டைல்ஸும் சேர்ந்தால் மாடித் தரை 3.2 மீட்டருக்கு வந்துவிடும். நமக்கு வேண்டியது இந்த 3.2. எந்தத் தரைக்கு என்ன பொருள், படுகையோடு சேர்த்து எத்தனை சென்டிமீட்டர் என்பதைப் படிக்கட்டுக்குக் கான்கிரீட் வார்க்கப் பலகை அடிப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். “தரை என்ன போடுவது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டால், அதன் விலையைக் கடைசிப் படி கொடுக்கும்.

படியின் உயரமும் மிதியும்

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உள்ள செங்குத்து அளவு படி உயரம். வேலைத்தளத்தில் ரைசர் என்பார்கள். கால் வைக்கும் ஆழம் மிதி. அதை டிரெட் என்பார்கள். மிதியை அளக்கும்போது ஒரு படியின் முன்விளிம்பிலிருந்து அடுத்த படியின் முன்விளிம்பு வரை படுக்கை வாட்டில் அளக்க வேண்டும். மேல் படியின் மூக்குக்கு, அதாவது வெளியே நீண்டிருக்கும் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் பகுதியைச் சேர்த்தால் அளவு பெரிதாகத் தெரியும். இறங்கும் காலுக்கு அந்த இடம் கிடைக்காது.

இந்த இரண்டையும் இணைக்கும் சூத்திரம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல், 1675இல் வெளிவரத் தொடங்கிய தன் பாடநூலில் ஒன்றைக் கவனித்து எழுதினார். சமதரையில் நடக்கும்போது ஓர் எட்டு 24 அங்குலம். ஓர் அங்குலம் மேலே ஏறினால் எட்டு இரண்டு அங்குலம் குறைகிறது. அதாவது படி உயரத்தின் இரு மடங்கோடு மிதியைக் கூட்டினால் 24 வர வேண்டும். அவர் சொன்னது அந்தக் காலப் பிரெஞ்சு அங்குலம். அது இன்றைய அங்குலத்தைவிடச் சற்றுப் பெரியது; அவருடைய 24 இன்றைக்கு ஏறத்தாழ 65 செ.மீ. நம் 24 அங்குலம் 61 செ.மீ.தான். இன்று நடைமுறையில் 60 முதல் 65 வரை சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். குள்ளமானவர்களும் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கு 61, 62 பக்கம் நிற்பது நல்லது.

இந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பினால் ஆபத்து. 22 செ.மீ. உயரமும் 19 செ.மீ. மிதியும் உள்ள படி 63 என்று அழகாகக் கணக்குக்குள் வந்துவிடும். அதில் இறங்கினால் குதிகால் வைத்த இடத்தில் விரல்கள் காற்றில் தொங்கும். ஆகவே சூத்திரத்தோடு எல்லைகளும் வேண்டும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிகளுக்கு அதிகபட்ச உயரம் 19 செ.மீ., குறைந்தபட்ச மிதி 25 செ.மீ. என்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்பு விதி 19.6, 25.4 என்று அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. இங்கிலாந்து இன்னும் தாராளம்: வீட்டுக்குள் 22 செ.மீ. உயரம் வரை விடுகிறது, மிதி 22 இருந்தால் போதும், சரிவு மட்டும் 42 பாகையைத் தாண்டக் கூடாது.

இவை எல்லாம் ‘இதற்கு மேல் போகாதே’ என்ற கோடுகள். உங்கள் ஊரின் விதி எதுவோ அதை மீறாமல், வசதிக்கு வேறு அளவை எடுங்கள். என் பரிந்துரை: உயரம் 15 முதல் 17.5 செ.மீ., மிதி 27 முதல் 30 செ.மீ. பெரியவர்களின் செருப்போடு சேர்ந்த கால் நீளம் 28 செ.மீ. பக்கம் வரும். மிதி 25 என்றால் இறங்கும்போது காலைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வைக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள், குறுகிய படியில் முதியவர்கள் உடம்பையே ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு இறங்குவார்கள். முட்டிவலி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது மிதியின் குறைதான்.

படி மிகவும் தாழ்வாக இருந்தாலும் தொல்லை. 12 செ.மீ. உயரத்துக்கு 28 செ.மீ. மிதி வைத்தால் 52தான் வரும். எட்டு குறுகி, நடை தட்டுத்தடுமாறும். தாழ்ந்த படி என்றால் மிதி கூடவே வேண்டும். 15க்கு 32 என்பது போல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்கு 320 செ.மீ. விரும்பும் உயரம் 17. 320ஐ 17ஆல் வகுத்தால் 18.8. முழு எண்ணாக வேண்டும், ஆகவே 19. இப்போது திருப்பி வகுக்கிறோம்: 320ஐ 19ஆல் வகுத்தால் ஒரு படி 16.84 செ.மீ. இதை 17 என்று முழுமையாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு படியிலும் 1.6 மி.மீ. சேர்ந்து, மேலே போகும்போது 3 செ.மீ. தவறாக நிற்கும். மிதி 28 வைத்தால் 33.7 கூட்டல் 28, ஏறத்தாழ 61.7. சரிவு 31 பாகை. நல்ல படி.

19 உயரங்களை 10, 9 என்று இரண்டு ஓட்டமாகப் பிரிக்கிறோம். இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம்: ஓர் ஓட்டத்தில் உயரங்களின் எண்ணிக்கையைவிட மிதிகள் எப்போதும் ஒன்று குறைவு. கடைசி உயரம் ஏறியதும் கால் படுவது லேண்டிங்கிலோ மாடித் தரையிலோதானே! ஆகவே முதல் ஓட்டத்துக்கு 9 மிதி, 252 செ.மீ. லேண்டிங் 100. படி தொடங்குமுன் நிற்க இன்னொரு 100. மொத்தம் 452. அகலத்துக்கு ஓட்டம் ஒன்றுக்கு 95 வீதம் இரண்டு, நடுவில் 10 இடைவெளி, ஆக 200. மேலே சொன்ன 2 மீட்டர், 4.5 மீட்டர் இப்படித்தான் வந்தது.

இடம் நெருக்கடி என்றால் 18 உயரம்: ஒன்று 17.8, மிதி 27, கூட்டினால் 62.6. ஓட்டத்துக்கு 8 மிதி, மொத்த நீளம் 416. இதுவும் ஏற்கத் தக்கதே. இன்னும் நெருக்கி 16 உயரம் என்றால் ஒன்று 20 செ.மீ., மிதி 25, நீளம் 375. சூத்திரம் 65 என்று தலையாட்டும். ஆனால் சரிவு 39 பாகையைத் தொட்டுவிடும், இந்திய, அமெரிக்க எல்லைகளையும் தாண்டிவிடும். முதல் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 77 செ.மீ. கூடத்திலிருந்து அந்த 77 செ.மீ.யை எடுத்துப் படிக்குக் கொடுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். கூடம் சற்றுச் சிறுத்தால் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டுச் சமாளிக்கலாம். கான்கிரீட் படியை நகர்த்த முடியாது.

எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் உண்டு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கோயில் படிகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறார்: வலது காலில் ஏறத் தொடங்கியவர் வலது காலாலேயே மேல்தளத்தை மிதிக்கட்டும் என்று. விருப்பம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். மொத்த உயரத்தைச் சமமாகப் பிரித்து அந்த எண் வர வேண்டும், அதுதான் நிபந்தனை. எண்ணுக்காக ஒரு படியை மட்டும் கூட்டுவதும் குறைப்பதும் கூடவே கூடாது.

முதல் படியும் கடைசிப் படியும்

ஏறி இறங்கும்போது நாம் ஒவ்வொரு படியையும் பார்ப்பதில்லை. முதல் ஒன்றிரண்டு படிகளில் கால் அளவைக் கற்றுக்கொள்கிறது. மீதியை அந்த நினைவிலேயே கடக்கிறது. படி விளிம்பைத் தாண்டும்போது பாதம் மயிரிழை உயரத்தில்தான் தாண்டும். அதனால்தான் மற்றவற்றைவிட ஒரு படி ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் கால் இடறுகிறது. அமெரிக்க விதி ஓர் ஓட்டத்தில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே 9.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசத்தை அனுமதிப்பதில்லை. எல்லாப் படிகளும் 19 செ.மீ. உள்ள படிக்கட்டைவிட, 17க்கு நடுவே ஒன்று மட்டும் 20 இருக்கும் படிக்கட்டுதான் அதிகம் விழ வைக்கும்.

பிழை எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். கீழ்த்தளத் தரை, படுகையோடு 7.5 செ.மீ. கனம். படிகளின் மேல் கிரானைட், படுகையோடு 4 செ.மீ. மாடித் தரை 5 செ.மீ. கொத்தனார் எல்லாக் கான்கிரீட் படிகளையும் கச்சிதமாக 16.8 என்று வார்த்துவிட்டார். தளத்தில் அளந்தால் பிழையே தெரியாது. தரை போட்ட பிறகு பாருங்கள்: கீழே தரை 7.5 உயர்ந்தது, முதல் படி 4தான் உயர்ந்தது. முதல் உயரம் 13.3 ஆகச் சுருங்கிவிட்டது. மேலே கடைசிப் படி 4 உயர்ந்தது, மாடித் தரை 5 உயர்ந்தது. கடைசி உயரம் 17.8. ஒரே படிக்கட்டில் 13.3, 16.8, 17.8 என்று மூன்று அளவுகள்.

இதைத் தடுக்கும் கணக்கு எளிது. கான்கிரீட்டில் முதல் படியின் உயரம் = வேண்டிய உயரம் + கீழ்த்தரைக் கனம் − படிப் பூச்சின் (படியின் மேல் போடும் கல்லும் படுகையும்) கனம். மேற்கண்ட வீட்டுக்கு 16.8 + 7.5 − 4 = 20.3. கடைசிப் படிக்கு: வேண்டிய உயரம் − மாடித்தரைக் கனம் + படிப் பூச்சின் கனம். அதாவது 16.8 − 5 + 4 = 15.8. நடுவில் உள்ளவை எல்லாம் 16.8. லேண்டிங்கில் போடும் பொருளும் கனமும் படிகளில் உள்ளதேதான் என்றால் அங்கே திருத்தம் தேவையில்லை. வேறு பொருள் போட்டால் இதே கணக்கை அங்கும் போட வேண்டும்.

கான்கிரீட் வார்த்தபோது முதல் படி உயரமாகவும் கடைசிப் படி தாழ்வாகவும் தெரிவதால், “என்ன மேஸ்திரி, படி ஒழுங்காக இல்லையே?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் கணக்கு சரியாக நடக்கிறது என்று அர்த்தம். வரைபடத்திலேயே இரண்டு வரிசையாக, கான்கிரீட் மட்டம், முடிந்த மட்டம் என்று ஒவ்வொரு படிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் குழப்பம் இருக்காது.

அகலமும் லேண்டிங்கும்

அகலத்தைப் பூச்சும் கைப்பிடியும் போக அளக்க வேண்டும். 90 செ.மீ. தெளிவாகக் கிடைத்தால் ஒருவர் சிரமமில்லாமல் போகலாம். 100 இருந்தால் துணிக்கூடையோடு இறங்குபவருக்கு வசதி. இருவர் ஒதுங்கி வழிவிட 110க்கு மேல் வேண்டும். உடல் முடியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்க நேரும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கையும் பீரோவும் மேலே ஏற வேண்டியவைதான். அவை திரும்புவது லேண்டிங்கில். ஆகவே லேண்டிங்கின் ஆழம் படியின் அகலத்துக்குக் குறையக் கூடாது. லேண்டிங்கிலேயே நடுவில் ஒரு படி வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவதைச் சில வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். திரும்பும் இடத்தில் கண் வேறெங்கோ இருக்கும்.

அறைக் கதவு எதுவும் படியை நோக்கித் திறக்கக் கூடாது. மாடியில் கதவைத் திறந்ததும் முதல் படி என்ற அமைப்பு, இரவில் தூக்கக் கலக்கத்தில் வருபவருக்குப் பள்ளம். கதவுக்கும் படிக்கும் நடுவே ஒரு மீட்டராவது தரை இருக்கட்டும்.

தலைக்கு மேல் எவ்வளவு

படியின் முன்விளிம்பிலிருந்து நேர் மேலே, முதலில் இடிக்கும் பொருள் வரை செங்குத்தாக அளக்க வேண்டும். இங்கிலாந்தில் 2 மீட்டர், அமெரிக்காவில் 2.03, இந்தியாவில் 2.2 குறைந்தபட்சம். இறங்குபவர் ஒவ்வோர் அடியிலும் முன்னோக்கி அசைந்து வருவார், ஆகவே 2.2க்குக் குறைய விடாதீர்கள்.

நேர்ப்படியில் மாடி ஸ்லாபில் விடும் திறப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நம் உதாரணத்தில் ஸ்லாபும் தரையும் பூச்சும் சேர்ந்து 20 செ.மீ.; தலைக்கு மேல் 220 வேண்டும். 320இலிருந்து 240ஐக் கழித்தால் 80. படி 80 செ.மீ. உயரத்தை எட்டும்வரை ஸ்லாபுக்கு அடியில் இருக்கலாம். 16.84 வீதம் நான்கு படி 67 செ.மீ., ஐந்தாவது 84. ஐந்தாவது படியின் விளிம்புக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். பொறியாளர் பின்னால் சேர்க்கும் பீம்கள் இந்தக் கணக்கைக் கெடுக்கும். பீமின் அடிமட்டத்தைக் கேட்டு வாங்கி மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

லேண்டிங்குக்கு அடியில் கழிப்பறையோ வாசலோ வைக்க நினைத்தால் இன்னொரு கணக்கு. 10 படி ஏறிய லேண்டிங்கின் மட்டம் 168 செ.மீ.; ஸ்லாபும் பூச்சும் கழித்தால் கீழே 150கூட மிஞ்சாது. நிமிர்ந்து நடக்க 2 மீட்டராவது வேண்டும் என்றால் லேண்டிங் 13ஆவது படியில் வர வேண்டும், 219 செ.மீ.யில். அப்போது முதல் ஓட்டத்துக்கு 12 மிதி, 336 செ.மீ. நீளம் தேவை. இடம் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் அந்த இடத்தைப் பொருள் வைக்கும் அலமாரிக்கு விட்டுவிடுங்கள்.

திருப்பத்தில் முக்கோணப் படிகள்

லேண்டிங்குக்கு இடம் போதாமல் திருப்பத்திலேயே மூன்று முக்கோணப் படிகளை வைப்பது வழக்கம். ஒரு சின்னக் கணக்கு அதன் குணத்தைக் காட்டிவிடும். 90 பாகைத் திருப்பத்தில் மூன்று படி என்றால் ஒன்றுக்கு 30 பாகை. உள்மூலையிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அதாவது உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்து நடப்பவர் கால் வைக்கும் இடத்தில், மிதி 15.7 செ.மீ.தான். அரைக்கால் அளவு! நேர்ப்படிகளில் உள்ள 28 செ.மீ. வேண்டும் என்றால் மூலையிலிருந்து 53 செ.மீ. தள்ளி நடக்க வேண்டும். அங்கே கைப்பிடி எட்டாது.

தவிர்க்க முடியாத வீட்டில், உள்பக்கத்தைக் கூர்முனையாக விடாமல் 23 செ.மீ. ஆரமுள்ள வளைவாகக் கட்டினால் நடக்கும் கோட்டில் ஏறத்தாழ நேர்ப்படியின் மிதி கிடைத்துவிடும். இன்னொன்று, முக்கோணப் படிகளை அடியில் வையுங்கள், உச்சியில் வேண்டாம். வெளிச்சுவர்ப் பக்கம் கைப்பிடி கட்டாயம் இருக்கட்டும், அகன்ற பக்கமாக நடக்க அதுதான் தூண்டும். சுழல் படியை மொட்டைமாடிக்கோ பரணுக்கோ வைத்துக்கொள்ளலாம். குடும்பம் தினமும் ஏறி இறங்கும் ஒரே படியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படியின் மூக்கும் பரப்பும்

முன்விளிம்பு கொஞ்சம் வெளியே நீண்டிருப்பது ஏறும்போது விரல்களுக்கு இடம் தரும். 2 முதல் 3 செ.மீ. போதும். அதற்கு மேல் நீண்டால் ஏறும் காலின் நுனி அடியில் மாட்டிக்கொள்ளும். மூக்கை அடியில் பலகைபோல் நீட்டுவதைவிட, படியின் முன்முகத்தையே உள்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினால் கால் மாட்டாது. கிரானைட் விளிம்பை லேசாக உருட்டச் சொல்லுங்கள். முழு அரைவட்டமாக உருட்டினால் இறங்கும் கால் வழுக்கும், பயன்படும் மிதியும் குறையும்.

பளபளக்கும் கல் காய்ந்திருக்கும்போது தொல்லை தராது. ஈரக் காலோடு குளியலறையிலிருந்து வரும் குழந்தைக்கு அது பனிக்கட்டி. சொரசொரப்பான முடிப்பைத் தேர்ந்தெடுங்கள், அல்லது விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கீற்றுகள் வெட்டச் சொல்லுங்கள். அதைவிடவும் நான் வலியுறுத்துவது விளிம்பின் நிறம். எல்லாப் படிகளும் ஒரே புள்ளிக் கல்லாக இருந்தால் மேலிருந்து பார்க்கும்போது அவை ஒரே சரிவாகத் தெரியும். எங்கே ஒரு படி முடிகிறது என்பதே புரியாது. விளிம்பில் 3 முதல் 5 செ.மீ. அகலத்துக்கு வேறு நிறப் பட்டை போட்டுவிட்டால் மங்கிய கண்ணுக்கும் தெரியும்.

மழை படும் வெளிப்படிகளுக்கு உயரம் 15, மிதி 30க்கு மேல். நீர் நிற்காமல் இருக்க முன்பக்கம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் போதும்.

கைப்பிடி

விழத் தொடங்கியவரைக் காப்பாற்றக்கூடியது இது ஒன்றுதான். அதற்குக் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் வடிவம் வேண்டும். 3.5 முதல் 4.5 செ.மீ. விட்டமுள்ள உருளை நன்றாக இருக்கும். அகன்ற மரப் பலகையும் கண்ணாடியின் மேல் விளிம்பும் பார்க்க அழகு. தடுக்கிய கணத்தில் கை அவற்றின் மேல் வழுக்கிப் போகும். சுவரிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளி இருந்தால் விரல் மடக்க இடம் கிடைக்கும்.

உயரம் படி விளிம்பிலிருந்து செங்குத்தாக 90 செ.மீ. பக்கம். இரு பக்கமும் இருக்கட்டும். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான் வேலை செய்யும், அது எந்தக் கை என்று முன்கூட்டித் தெரியாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் 60, 65 செ.மீ. உயரத்தில் இரண்டாவது கைப்பிடி ஒன்று சுவரில் வைத்தால் அவர்கள் தவழ்வதை விட்டுப் பிடித்து நடக்கத் தொடங்குவார்கள். கைப்பிடி நடுவில் அறுபடாமல் கடைசிப் படியைத் தாண்டி ஓரடி நீளட்டும். படி முடிந்துவிட்டது என்பதை இருட்டில் கைதான் சொல்லும்.

கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ. பந்து நுழையக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. குழந்தையின் தலை நுழையாமல் இருக்க. கம்பிகள் செங்குத்தாகவே இருக்கட்டும், படுக்கைக் கம்பிகள் குழந்தைக்கு ஏணி. குழந்தைக்கான சிறு கதவு மேலே வைத்தால் அது தரைப்பக்கம்தான் திறக்க வேண்டும், படியின் மேல் அல்ல.

வெளிச்சம்

மேலேயும் கீழேயும் இருந்து போட்டு அணைக்கும் இருவழி சுவிட்ச் கட்டாயம். விளக்கு இறங்குபவர் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. அவர் நிழலே அடுத்த படியை மறைக்கும்படி முதுகுக்குப் பின்னால் மட்டும் விளக்கு இருப்பதும் கூடாது. ஓட்டத்துக்கு ஒன்று வீதம் வைத்தால் இரண்டும் சரியாகும்.

வார்ப்பதற்கு முன்னும் பின்னும்

தாளில் முடிவான அளவைக் காலால் ஒருமுறை சோதியுங்கள். செங்கல்லும் பலகையும் அடுக்கி மூன்று படி செய்து, வீட்டில் மூத்தவர்களை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள்: கால் திரும்புகிறதா, கை சுவரைத் தேடுகிறதா? தெரிந்தவர்கள் வீட்டுப் படிகளையும் டேப்பால் அளந்து, எந்த அளவு உடம்புக்கு இதமாக இருந்தது என்று குறித்து வையுங்கள்.

பலகை அடிக்கும்போது ஒவ்வொரு படியையும் அதற்கு முந்தைய படியிலிருந்து அளக்க விடாதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் பிழை படிக்குப் படி சேர்ந்து வளரும். நேரான ஒரு நீண்ட சட்டத்தில் 320 செ.மீ. முழுவதையும் குறித்து, 16.84, 33.68, 50.53 என்று 19 கோடுகளையும் கீழிருந்தே அளந்து போட்டுக்கொள்ளுங்கள். இவை முடிந்த மட்டங்கள். கான்கிரீட் ஒவ்வொரு கோட்டுக்கும் 4 செ.மீ. கீழே நிற்க வேண்டும், மாடி ஸ்லாப் மட்டும் கடைசிக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே. சட்டத்தின் அடி கீழ்த்தளத்தின் முடிந்த தரை மட்டத்தில், அதாவது கான்கிரீட்டுக்கு 7.5 செ.மீ. மேலே இருக்கும்படி தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, டியூப் லெவலால் (நீர் நிரப்பிய மட்டக்குழாய்) அந்த மட்டங்களைப் பக்கச் சுவருக்கு மாற்றி, படியின் வடிவத்தைச் சுவரிலேயே வரைந்துவிட்டால் பலகை அடிப்பவருக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

பலகையைப் பிரித்ததும், கல் ஒட்டுமுன், அதே சட்டத்தை வைத்து எல்லாப் படிகளையும் மறுபடி அளங்கள். சிறு பிழை கட்டாயம் இருக்கும். மாடித் தரை 2 செ.மீ. கூடுதலாக வந்திருக்கிறது என்றால் கடைசிப் படியில் அதைத் தள்ளிவிட வேண்டாம். கல்லுக்கு அடியில் போடும் கலவையின் கனத்தை முதல் படியில் ஒரு மில்லிமீட்டர், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். மேலே போய்ச் சேரும்போது 2 செ.மீ. தீர்ந்திருக்கும், ஒவ்வொரு உயரத்திலும் கூடியிருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். காலுக்கு அது தெரியாது.